ரெங்கசாமியின் இரண்டாவது பல்

அதிராம்பட்டினம்,
14-11-1986.

மலேசியா, தைப்பிங் நகரில் துணிக்கடை நடத்திவரும், என் மரியாதைக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய மாமா ஹாஜி சேக் தாவூது அவர்களுக்கு, மருமகன் ஹபீப் முகம்மது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உம்மாவும் இறைவன் அருளால் சுகம். உம்மாவுக்கு இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. மழை விட்டால் அதுவும் சுகமாகிவிடும் என்று உம்மாவே சொல்கிறார்கள். அங்கே தங்கள் சுகத்தையும், தங்கள் மகள் ஆசியாவின் சுகத்தையும், தங்களுடைய சர்க்கரை இறங்கியதா என்பதையும் அறிய ஆவல். இங்கே ஐப்பசி முழுக்க நல்ல மழை. பட்டுக்கோட்டைப் பக்கம் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. கடலில் நாலு நாளாகப் படகு இறங்கவில்லை, அதனால் என் கடையில் வலையும் கயிறும் வாங்க ஆளில்லை. தைப்பிங்கில் தினமும் மழை பெய்யும் என்று ஆசியா சொல்லியிருக்கிறாள். அங்கே பெய்கிற மழை எப்படி? மாலையில் பெய்கிறதா, காலையிலுமா?

மாமா, மழையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விஷயம் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்வது இது ஏழாவது தடவை. முன்னே எழுதிய ஆறும் மழையோடு நின்றுவிட்டன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறேன். ஆசியாவுக்கு இந்தியா வந்து தங்க விசா வாங்குவதற்கு அலுவலகத்தில் மூன்று காகிதம் கேட்டார்கள். இரண்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது காகிதம் தங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். அதில் தாங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "என் மருமகன் ஹபீப் முகம்மது 1970ஆம் வருஷம் நாலு மாதம் சிறைத் தண்டனை அனுபவித்தவர் என்பதை அறிவேன்; அறிந்தே என் மகளை அவரோடு வாழ அனுப்பச் சம்மதிக்கிறேன்." எழுதிவிட்டேன். ஆசியாவுக்கு இதில் எதுவுமே தெரியாது. அவளைத் தயவுசெய்து எதுவும் கேட்க வேண்டாம்.

இப்போது தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பவும் படிப்பீர்கள் என்று தெரியும். மாறாது மாமா. அதேதான். கல்யாணத்துக்கு முன்னால் தாங்கள் என்னைப் பற்றி விசாரிக்காமல் இல்லை. நாகூர் கந்தூரிக்கு வந்த இடத்தில், சிநேகிதர் கொடுத்தனுப்பிய பார்சலைச் சேர்ப்பதற்காக எங்கள் ஊருக்கு வந்தீர்கள், பார்சல் கயிறு அறுந்துபோய் என் கடையில் ஏறினீர்கள், நான் கட்டிக் கொடுத்தேன், கூட வந்த ஆசியா அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு "இதை அவுக்கவும் வருமா, கட்ட மட்டுந்தானா?" என்று கேட்டாள், அதிலிருந்து பத்தாம் நாள் பேச்சு ஆரம்பித்தது. தாங்கள் பொறுப்பான தகப்பனாராகக் கடைத்தெருவில் நாலு பேரைத் தனித்தனியாக நிறுத்தி விசாரித்தீர்கள். நாலு பேரும் தங்கமான பையன் என்றார்கள். உண்மையை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் என் வழக்கில் இரண்டாம் நம்பர், நாலாம் நம்பர் குற்றவாளிகள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைப்பீர்கள். அவர்கள்தான் எப்போதும் கடைத்தெருவில் நிற்கிறவர்கள்.

என்னையும் நேரில் கேட்டீர்கள். "இந்தக் கடைக்கு முன்னாடி என்ன பார்த்தீங்க மாப்பிள்ளை?" என்றீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, உண்மை சொல்லத் தைரியமும் இல்லை. "எழுபதிலே கொஞ்ச நாள் திருச்சியில இருந்தேங்க மாமா. கவர்மெண்ட்டுல" என்றேன். "சாப்பாடு?" என்றீர்கள். "அவங்களே போட்டாங்க." "தங்குறதுக்கு?" "இடமும் அவங்களுதுதாங்க." "அப்புறம் ஏன் விட்டீங்க?" "நாலு மாசம் முடிஞ்சதும் போகச் சொல்லிட்டாங்க மாமா." "ஓ, டெம்பரரியா!" என்று தாங்களே முடித்துவிட்டீர்கள். அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் மொத்தமாகச் சேர்த்தால் அது பொய்தான் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தாங்கள் ஊருக்குப் போய் மாப்பிள்ளை முன்னாள் அரசாங்க ஊழியர் என்று தைப்பிங் பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொன்னதாக ஆசியா எழுதியபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தாங்கள் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மகளுக்குச் சீக்கிரம் விசா கிடைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் தாங்களும் ஒரு சிபாரிசுக் கடிதம் இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பினீர்கள் அல்லவா? அது தஞ்சாவூர் வரை வந்து சேர்ந்துவிட்டது. எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, இன்னும் அங்கே போகவேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அங்கே பிரகதாம்பாள் என்று ஓர் அம்மா அதிகாரி. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. தங்கள் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்பான்சர், அதாவது நீங்க, முன்னாடி கவர்மெண்ட் சர்வீஸ்ல இருந்தவர்னு உங்க மாமனார் எழுதியிருக்காரே. எந்த டிபார்ட்மெண்ட்?"

"சிறைத்துறைங்க."

"வார்டரா?"

"இல்லைங்க."

"பின்னே ஆபீஸ்லயா?"

"இல்லைங்க. உள்ளே."

"உள்ளேன்னா?"

"உள்ளேதாங்க."

மாமா, அந்த அறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா பேனாவை மூடினார். "உங்க மாமனாருக்கு இது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அப்புறம் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஒன்று, தீர்ப்பின் நகல். இரண்டு, என்னால் அடிபட்டவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் எனக்கும் இப்போது பகை ஒன்றும் இல்லை என்று அவர் கையெழுத்து. மூன்று, மேலே சொன்ன தங்கள் கையெழுத்து. முதல் இரண்டுக்காக எங்கே வேண்டுமானாலும் அலைகிறேன், மூன்றாவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நாலு மாசம் ஜெயில்ல இருந்தீங்க. மாமனாருக்கு ஒரு லெட்டர் எழுதுறது அதைவிடக் கஷ்டமா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று தாங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். என் வாப்பா மூஸாவுக்குப் பட்டுக்கோட்டைக்கு வடக்கே, புது ஆற்று வாய்க்கால் பாய்கிற இடத்தில் எட்டு மா நிலம் குத்தகைக்கு இருந்தது. பத்தொன்பது வருஷம் அவர்தான் சாகுபடி. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வருகிறது, கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள் என்றதும் மிராசுதார்களுக்குத் தூக்கம் போய்விட்டது. பெயர் ஏறுவதற்குள் ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்று பார்த்தார்கள். 1970 தை மாதம், நாங்கள் விதைத்த நெல்லை நாங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போது பண்ணையின் காரியஸ்தர் ரெங்கசாமி வெளியூர் ஆட்கள் பதினைந்து பேரோடு வந்து வரப்பில் இறங்கினார். வாப்பா வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகூப்பித்தான் பேசினார். ரெங்கசாமி ஏதோ சொல்லிக்கொண்டே அந்தக் குடையைத் தட்டிவிட்டார், அது சேற்றில் போய் விழுந்தது. வாப்பா அதை எடுப்பதற்குக் குனிந்தார். அந்தக் குனிந்த முதுகை நான் பார்த்தேன் மாமா. என் தலையில் ஒரு கதிர்க்கட்டு இருந்தது. அதை அப்படியே ரெங்கசாமி மேல் இறக்கிவிட்டேன்.

கதிர்க்கட்டால் அடித்தால் ஆளுக்கு என்ன ஆகும், நெல்தான் உதிரும். ஆனால் ரெங்கசாமி தடுமாறி மதகுக் கல்லில் முகம் பட விழுந்துவிட்டார். வாயெல்லாம் ரத்தம். இரண்டு பக்கத்து ஆட்களும் அடித்துக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில் வாப்பாதான் வாய்க்காலில் தண்ணீர் அள்ளிவந்து ரெங்கசாமியின் வாயைக் கழுவிவிட்டவர். கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "போலீஸ் கேட்டா ஒத்துக்கணும், தெரியுதா?" என்றார். ஒத்துக்கொண்டேன். கூட்டம் சேர்த்தது, நெல்லைத் திருடியது (எங்கள் நெல்), ஆயுதத்தால் காயப்படுத்தியது என்று மூன்று பிரிவு. ஆயுதம் என்ற இடத்தில் "நெற்கதிர்க் கட்டு ஒன்று" என்று எழுதியிருக்கிறது, நகல் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். நாலு மாதம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நிலம் போய்விட்டது. வாப்பா எழுபத்து நாலில் போய்ச் சேர்ந்தார். சாகும்வரை இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, ரெங்கசாமியைத் தேடிப்போன கதையைக் கேளுங்கள். என் வழக்கில் இரண்டாம் நம்பரான வீரையன் துணைக்கு வந்தான். (தங்களிடம் தங்கமான பையன் என்று முதலில் சொன்னவன் அவன்தான்.) பண்ணையை விட்டு ரெங்கசாமியை எப்போதோ அனுப்பிவிட்டார்களாம், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் ஒரே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு போய் நின்றோம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். நன்றாக இளைத்துவிட்டார்.

"யாருப்பா அது, தார்ப்பாய்க்குள்ள?"

"நான் ஹபீபுங்க. மூஸா பாய் மகன். எட்டு மா குத்தகை..."

அவர் கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. அப்புறம் உள்ளே திரும்பி, "கண்ணாத்தா! என் பல்லை உடைச்ச பய வந்திருக்கான். காப்பி போடு" என்றார்.

மாமா, அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. வந்த காரியத்தைச் சொன்னேன். மலேசியாவிலிருந்து மனைவியை வரவழைக்க வேண்டும், அதற்கு ஐயா கையெழுத்து வேண்டும் என்றேன். "பொண்டாட்டிய அழைச்சுக்கிட்டு வர்றதுக்கு, பல்லு போனவன் கையெழுத்தா? இப்படியும் ஒரு சட்டம் போட்டிருக்கானுவளா?" என்று வெகுநேரம் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "போடுறேன். ஆனா ஒரு கண்டிஷன்" என்றார். நான் எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தீர்ப்புல ஒரு பல்லுன்னு எழுதிட்டானுவ. ஒண்ணு இல்லப்பா, ரெண்டு. ரெண்டாவது ஆடிக்கிட்டே இருந்து ஒரு வாரம் கழிச்சு விழுந்துச்சு. அதுக்குள்ள டாக்டரு எழுதிக் கொடுத்துட்டாரு. நான் யார்கிட்ட சொன்னாலும் கேக்கல. பதினாறு வருஷமா எனக்கு அதுதான் மனசுல கெடக்கு. ரெண்டுன்னு எழுது, கையெழுத்துப் போடுறேன்."

எழுதாமல் என்ன செய்வது? அவர் சொல்லச் சொல்ல வீரையன் எழுதினான். அது இப்படிப் போயிற்று: "மேற்படி ஹபீப் முகம்மது என்பவர் என்னுடைய இரண்டு பற்களை (ஒன்று அல்ல) போகச் செய்தவர். நல்ல பையன். அவர் தகப்பனாரும் நல்லவர். எனக்கு இவர்மேல் பகை இல்லை. இவர் மனைவியை அனுப்பிவைக்கவும்." அனுப்பிவைக்கவும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடச் சொன்னார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "யாருக்காக இப்படி மழையில அலையுறே, பார்ப்போம்" என்று ஆசியாவின் படத்தைக் கேட்டார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நீ உள்ள இருந்தது தெரியுமா?"

"தெரியுங்க. நிக்காஹ்வுக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னிச்சு?"

"வாப்பாகிட்ட நீங்க சொல்லாதீங்க, நேரம் பார்த்து நானே சொல்றேன்னு சொன்னிச்சுங்க."

மாமா, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதல் பக்கத்தில் ஆசியாவுக்கு எதுவுமே தெரியாது என்று எழுதியிருக்கிறேன். இங்கே நடந்ததை நடந்தபடி எழுதும் வேகத்தில் இப்படி ஆகிவிட்டது. அடித்துவிடலாம் என்றால் அடித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். திரும்ப எழுதலாம் என்றால் எட்டாவது தடவை எனக்குத் தைரியம் வராது. ஆகவே ஆசியா தொடர்பாக முதல் பக்கத்தில் சொன்னதைத் தாங்கள் மறந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தையும் மறக்க முடிந்தால் நல்லது.

இவ்வளவு ஆனபிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், உம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு ஆசியா வந்திருந்தபோது கூடத்தில் உம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அடிச்சதுக்கு வருத்தப்படுறீங்களா, மாட்டிக்கிட்டதுக்கு வருத்தப்படுறீங்களா?" அடித்ததற்கும் வருத்தம், அந்த நேரத்தில் அடிக்காமல் நின்றிருந்தால் அதற்கும் வருத்தப்பட்டிருப்பேன், எது பெரிது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்றேன். அவள், "சரி, இது பொய்யில்ல" என்றாள். அவ்வளவுதான் மாமா எங்களுக்குள் நடந்த பேச்சு. தங்களிடம் மறைக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தங்களுக்குச் சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது, சொல்ல ஒரு நல்ல நாள் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். ஒன்பது மாதமாக அந்த நல்ல நாள் வரவில்லை போலிருக்கிறது. அவள்மேல் கோபப்பட வேண்டாம். கோபம் எல்லாம் எனக்கு வரட்டும், தபாலில் அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ரெங்கசாமி கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு பறந்தேன். பிரகதாம்பாள் அம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "தீர்ப்பில ஒரு பல். இதில ரெண்டு பல். அப்ப இன்னொரு பல் எந்தக் கேஸ்?" என்றார். ஒரே கேஸ்தாங்க என்றேன். ரெக்கார்டு அப்படிச் சொல்லவில்லையே என்றார். கோப்பு விசாரணைக்குப் போய்விட்டது. நாலாம் நாள், கடையில் ஆறேழு பேர் வலை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஏட்டய்யா சைக்கிளை நிறுத்திவிட்டு, தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில், "பாய், அந்த ரெண்டாவது பல்லை எப்ப உடைச்சீங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் அது எட்டுப் பல்லாகிவிட்டது. எப்போதும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக் குறை சொல்லுகிற நீலமேகம் என்ற படகுக்காரர் மறுநாள் வந்து, "நீங்க எதைக் கொடுத்தாலும் சரிங்க பாய்" என்று பணிவாக வாங்கிக்கொண்டு போனார். உம்மா மட்டும், "ஒரு பல்லுக்கே மருமவ ஏழு மாசமா வரல. ரெண்டுன்னா எப்ப வர்றது?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

விஷயம் வீரையன் மூலமாக ரெங்கசாமிக்குப் போயிற்று. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகள் கண்ணாத்தாளையும் கூட்டிக்கொண்டு அவரே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு நானும் அங்கேதான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். தலை நனைய வந்தார். நேரே உள்ளே போனார். பிரகதாம்பாள் அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் பல் செட்டைக் கழற்றிக் கோப்பின்மேல் வைத்துவிட்டார். "எண்ணிப் பாருங்கம்மா" என்றார். பல் இல்லாமல் சொன்னதால் முதலில் யாருக்கும் புரியவில்லை, திரும்பச் சொன்னார். "ஐயா, எடுங்க, எடுங்க, ஃபைல் நனையுது" என்று அந்த அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ரெங்கசாமி எடுக்கவில்லை. வாயைத் திறந்து விரலால் காட்டினார். "இது அன்னிக்கே போனது. இது ஒரு வாரம் கழிச்சு. மிச்சமெல்லாம் வயசுல போனது, அதுக்கு இவன் பொறுப்பில்ல. இவன் அப்பன் குடையை நான் தட்டினேன். அது உங்க ரெக்கார்டுல இருக்கா? அது இல்லாதப்ப இது மட்டும் என்னத்துக்கு?"

அறையில் இருந்த ஆறு பேரும் இந்தத் தடவையும் எழுதுவதை நிறுத்தினார்கள். பதினாறு வருஷமாக அந்தக் குடை என் ஒருவன் கண்ணில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மாமா. அந்த அம்மா பல் செட்டின் கீழிருந்து காகிதத்தை மெதுவாக உருவி, "இரண்டு பற்களும் ஒரே சம்பவத்தில் போனவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெங்கசாமி அதை வாங்கி மூன்று தடவை படித்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஒரத்தநாடு வந்தது. அப்புறம், "அந்தப் பொண்ணு வந்தா அழைச்சுக்கிட்டு வா. கண்ணாத்தா சமைப்பா. ஆனா நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன், நீங்க சிரிக்கக் கூடாது" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அசையாமல் பட்டுக்கோட்டை வரை உட்கார்ந்துவந்தேன்.

ஆக இரண்டு காகிதம் முடிந்தது. மூன்றாவது தங்களுடையது. நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். மாமி காலமானபோது ஆசியாவுக்குப் பதினொரு வயது. அதிலிருந்து தாங்களே தலை பின்னி, தாங்களே சமைத்து, இருபத்தொன்பது வயதுவரை கூடவே வைத்துக்கொண்ட மகள். அவளைக் கடல் தாண்டி அனுப்பவே தங்களுக்கு மனசு இருக்காதபோது, அனுப்பாமல் இருப்பதற்கு நானே ஒரு காரணத்தை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். மிச்சமெல்லாம் கடிதத்தில்தான். அவள் கடிதத்தில் பாதிக்கு மேல் தங்களைப் பற்றித்தான் இருக்கும். வாப்பா இன்றைக்கும் எனக்குத் தெரியாமல் தேத்தண்ணீரில் சீனி போட்டுக்கொண்டார்கள், வாப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று எழுதுவாள். நான் போய்விட்டால் யார் பார்ப்பது என்று எழுதமாட்டாள். ஆனால் அதைத்தான் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வரும். சீனி டப்பா உம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், அதை மட்டும் தாங்கள் எடுக்க முடியாது. யோசியுங்கள் மாமா. இதை விசாவுக்காகச் சொல்லவில்லை.

சம்மதம் என்றால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உம்மா தங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். வீரையனும் ஸலாம் சொல்கிறான், தங்களிடம் பொய் சொல்லவில்லை என்றும், என்னைத் தங்கமான பையன் என்றுதான் இன்னமும் நினைப்பதாகவும் எழுதச் சொன்னான். ரெங்கசாமி ஐயா மரியாதை தெரிவித்தார். இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைந்த சர்க்கரையும், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கும் பொறுமையும் தருவானாக. ஆமீன்.

தங்கள் அன்புக்கு ஏங்கும் மருமகன்,
ஹபீப் முகம்மது.

பி.கு.: தேதி 20-11-1986. மேலே எழுதியதை ஆறு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், தபால் பெட்டி வரை போய்ப் போய்த் திரும்பினேன். இன்று காலையில் தஞ்சாவூரிலிருந்து வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். பிரகதாம்பாள் அம்மா, "அந்த மூணாவது பேப்பர் தேவையில்லை. ஜெயில்ல இருந்ததுண்டான்னு கேக்கிற அந்தக் கேள்வியே வெளிநாட்டிலேர்ந்து வர்றவங்களுக்குத்தானாம். ஸ்பான்சருக்கு இல்லை. மேலே கேட்டு எழுதினேன், இப்பத்தான் பதில் வந்துச்சு. உங்க மனைவிக்குச் சிபாரிசு பண்ணி நேத்தே அனுப்பியாச்சு" என்றார். அப்படியானால் தீர்ப்பு நகலும், ரெங்கசாமி கையெழுத்தும், பல்லும் என்று கேட்டேன். "எதுவுமே தேவையில்லைதான்" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உம்மா, "அந்தக் கடுதாசியை எடுத்து அடுப்புல போடு. அல்லாஹ்வே மூடி வச்சுட்டான், நீ எதுக்குத் திறக்குறே?" என்றார்கள். வீரையனும் அதையேதான் சொன்னான். நியாயம்தான். ஆசியா தங்கள் கையெழுத்து இல்லாமலேயே இப்போது புறப்பட்டு வரலாம், தாங்கள் என்னை முன்னாள் அரசாங்க ஊழியர் என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அடுப்பு வரைக்கும் போனேன். இப்போது தபால் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன், ஆகவே கையெழுத்து இப்படி இருக்கிறது.

அந்தக் காகிதம் சர்க்காருக்கு வேண்டாமாம் மாமா. எனக்கு வேண்டும். அனுப்புங்கள்.